நேரம் தப்பிய கோபுரம்

ஜெயவேலின் இரண்டு கைகளும் சங்கமித்ராவின் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தன. ஒன்றில் டீ கிளாஸ், இன்னொன்றில் பாதி கடித்த வாழைக்காய் பஜ்ஜி. அவனுடைய லேப்டாப் எட்டாத தூரத்தில், பாரியின் மடியில் கிடந்தது. போனைக்கூட வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்திருந்தாள். அந்த நிலையில்தான், அவர்கள் உட்கார்ந்திருந்த மொட்டை மாடியில் நின்ற திருவொற்றியூர் கோபுரத்தின் நெட் செத்தது.

"அக்கா, பச்சையெல்லாம் செவப்பாயிடுச்சு" என்றான் பாரி. பிறகு ஜெயவேலை ஏற இறங்கப் பார்த்தான். "மாமு, பஜ்ஜிக்குள்ள ரிமோட் எதுனா வெச்சுகினு கீறியா?"

ஜெயவேல் சிரிக்கவில்லை. சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டியவனுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்?

"நீங்களே பாத்தீங்க இல்ல மேடம். நான் எதையும் தொடல."

"பாத்தேன்" என்றாள் சங்கமித்ரா.

அவளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். ராயபுரம் கல்மண்டபம் பக்கம், ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் யோக்கியதையை விசாரிப்பது, காணாமல் போன மீன்பாடி வண்டியைத் தேடுவது என்று பிழைப்பு ஓடுகிறது. பாரி அவளுடைய உதவியாள். வாய் நீளம், வேலை சுத்தம். கீழேயிருந்து வருகிற பிரியாணி தம் வாசனையில் கட்சிக்காரர்கள் வந்த விஷயத்தையே மறந்துவிடுகிறார்கள் என்பது அவனுடைய நிரந்தரப் புகார்.

இந்த வழக்கு சௌக்கத் அலியுடையது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மொட்டை மாடிகளில் இரும்புக் கோபுரங்கள் நட்டு, காற்று வழியாக நெட் கொடுக்கிற சின்னக் கம்பெனி அவர் நடத்துவது. கன்டெய்னர் லாரி ஓடி ஓடி ரோடு குழியாகிற ஊரில், பூமிக்கடியில் கேபிள் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? அதனால் கன்டெய்னர் யார்டு, குளிர்பதனக் கிடங்கு, லேத் பட்டறை எல்லாம் அவரை நம்பித்தான் இருந்தன. இப்போது சில வாரங்களாக, கோபுரங்களைப் பராமரிக்கிற ஜெயவேல் டூட்டியில் இருக்கிற நாளாகப் பார்த்து, மதியத்துக்கு மேல் திருவொற்றியூர் கோபுரம் படுத்துவிடுகிறது. அதே வேலை பார்க்கிற தாமஸ் டூட்டியில் இருந்தால் ஒரு குறையும் இல்லை. பிறகு யார்மேல் பழி விழும்?

சௌக்கத் அலி மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். கையில் போன் அலறிக்கொண்டிருந்தது.

"யார்டு மேனேஜர். எடுத்தா திட்டுவான், எடுக்கலைன்னாலும் திட்டுவான்" என்று சொல்லிவிட்டு ஜெயவேலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வலிதான் அதிகம் இருந்தது. "அடுத்த மாசத்துலேர்ந்து எண்ணூர் பக்கம் முழுசும் இவன் கையில ஒப்படைக்கறதா இருந்தேன்மா. தாமஸ் சீனியரு. அவனையே வுட்டுட்டு இவனைத் தூக்கி வெச்சேன். அதுக்குப் பலன் இது. யாருக்கோ வெலை போயிட்டான்."

"பாய், அல்லா மேல..." என்று ஆரம்பித்த ஜெயவேல் அப்படியே நிறுத்திக்கொண்டான். டீ ஆறிப் போயிருந்தது.

"அவன் கையை நான் பாத்துகினேதான் இருந்தேன் பாய்" என்றாள் சங்கமித்ரா. "அவன் எதுவும் பண்ணல. எனக்குப் புரியற மாதிரி ஒருதபா சொல்லுங்க. சாட்டிலைட்டுன்னு சொன்னீங்களே, இந்தக் கோபுரத்துக்கு அது எதுக்கு? நெட்டு வானத்துலேர்ந்தா வருது?"

"நெட்டு ராயபுரம் வரைக்கும் கேபிள்ல வருது. சாட்டிலைட்டாண்ட நாம கேக்கறது மணி மட்டும்தான்." சௌக்கத் அலி கோபுரத்தின் உச்சியில் இருந்த வெள்ளைப் பெட்டிகளைக் காட்டினார். "அதுங்கதான் ஆக்சஸ் பாயிண்ட், நெட்டைக் காத்துல அனுப்பற பெட்டி. எல்லாக் கோபுரத்துலயும் கீது. எல்லாம் ஒண்ணா பேசணும், ஒண்ணா வாயை மூடிகினு கேக்கணும். கடலாண்ட கரவலை இஸ்க்கறாங்களே, பாத்திருப்ப. ஒரு குரல் வரும், எல்லாரும் சேந்து இஸ்ப்பாங்க. ஒருத்தன் முந்தினா பக்கத்துல கீறவன் மணல்ல வுழுவான். இங்க அந்தக் குரலு மேலேர்ந்து வருது. ஒரு நொடியை லட்சம் துண்டு போட்டா, ஒரு துண்டுகூடப் பிசகக் கூடாது."

"பிசகினா?"

"மத்தவன் கேக்கற நேரத்துல இவன் கத்துவான். கேக்கறவனுக்குக் காது அடைச்சுக்கும். நெட்டு காலி."

"எங்க வூட்ல தெனமும் அதான் பாய் நடக்குது" என்றான் பாரி. "எங்க அண்ணிக்கும் அம்மாவுக்கும் சேத்து ஒரு சாட்டிலைட் போட்டுக் குடுங்க."

சங்கமித்ரா அவனைக் கண்டுகொள்ளவில்லை. "இந்தக் கோபுரத்துக்கு மணி சரியா வருதா?"

"சுத்தமா வருது. நானே பாத்தேன். அதனாலதான் இவன் மேல டவுட்டு."

"வேற ஏதாவது கோபுரத்துக்கு மணி வராமப் போயிருந்தா?"

"ஆபீஸ் ஸ்க்ரீன்ல அலாரம் அடிக்கும். ஒரு நாள்கூட அடிக்கல. ரெஜினாதான் அங்க குந்திகினு கீறா. கண்ணுல எண்ணெய் வுட்டுகினு பாத்துப்பா."

சங்கமித்ரா தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அது வாயில் வருவதற்குள் போன் அடித்தது. கூப்பிட்டவள் அதே ரெஜினாதான். தாமஸின் மனைவி, சௌக்கத் அலியின் ஆபீஸை நிர்வகிப்பவள், எல்லாவற்றுக்கும் மேலாக சங்கமித்ராவின் உயிர்த் தோழி. இந்த வழக்கே அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

"இன்னாடி ஆச்சு? கையும் களவுமா மாட்டினானா?"

"இல்ல ரெஜி. அவன் கை சும்மாதான் இருந்துச்சு. நெட்டு தானா போச்சு."

"அவன் பெரிய கேடிடி. நீ வர்றதுக்கு முன்னாடியே எதையாவது பண்ணி வெச்சிருப்பான். அப்பால மெதுவா வேலை செய்யும். அசந்துடாத."

போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு சங்கமித்ராவின் காதிலேயே நின்றது. முன்னாடியே பண்ணி வைப்பது. மெதுவாக வேலை செய்வது. அவள் சௌக்கத் அலி பக்கம் திரும்பினாள்.

"பாய், சாட்டிலைட் மணி நின்னுச்சுன்னா பெட்டி உடனே உளற ஆரம்பிச்சுடுமா?"

"உடனே இல்ல. உள்ள ஒரு சின்ன கடியாரம் கீது. கடைசியா கேட்ட மணியை வெச்சுகினு அது பாட்டுக்கு ஓடும். அப்பால கொஞ்சம் கொஞ்சமா தப்ப ஆரம்பிக்கும்."

"காலைல நின்னா?"

"மதியம் வரைக்கும் தாக்குப் புடிக்கும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது.

"அப்ப நெட்டு போற நேரத்துல யார் கை எங்க இருந்துச்சுன்னு பாக்கறதே தண்டம்" என்றாள் சங்கமித்ரா. "இன்னொண்ணு. நீங்களே சொன்னீங்க, கேக்கறவனுக்குத்தான் காது அடைக்கும்னு. நாம எல்லாரும் காது அடைச்சவனைப் புடிச்சு ஒதைச்சுகினு கீறோம் பாய். கத்தறவன் எங்க கீறான்? எந்தக் கோபுரம் இந்தப் பக்கம் மூஞ்சைத் திருப்பிகினு நிக்குது?"

சௌக்கத் அலி வடக்கிலிருந்து தெற்காகத் தலையைத் திருப்பினார். "ராயபுரம். மெயின் கோபுரம். ரெஜினா வூட்டு மொட்ட மாடி." உடனே தலையை ஆட்டினார். "அது ரொம்ப பத்திரமான எடம்மா. ரெஜினா பாத்துக்கறா. நீ போய் ஒரு பார்வை பாத்துட்டு வா. ஆனா சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஆளைக் காட்டு. இல்லைன்னா நான் இவனைத்தான் ஸ்டேஷனுக்கு இஸ்துகினு போவணும். யார்டுக்காரன் அந்தக் கணக்குலதான் எனக்கு இன்னைக்கு ஒரு நாள் குடுத்திருக்கான்."

சங்கமித்ரா எழுந்தபோது ஜெயவேலும் கூடவே எழுந்து நின்றான்.

பாரியின் பைக் மணலி டேங்கர்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில் எலி போலப் புகுந்து போனது. பின்னால் உட்கார்ந்திருந்த சங்கமித்ரா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். யாரோ ராயபுரம் மாடிக்கு ஏறி வேலை காட்டுகிறான், ரெஜியின் தலைக்கு மேலேயே. பாவம், அவளுக்குத் தெரிந்தால் பதறிப் போவாள். இப்படித்தான் அவள் யோசித்துக்கொண்டு போனாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மூலக்கொத்தளம் டைப்ரைட்டிங் கிளாஸில் ஒரே மெஷினை மாற்றி மாற்றித் தட்டியதில் தொடங்கிய சிநேகம் அது. வியாசர்பாடிப் பெண்ணுக்கு, அதிலும் துப்பறிகிற பெண்ணுக்கு, ஆபீஸ் போட யாரும் ரூம் கொடுக்காத காலத்தில், பிரியாணிக் கடைக்காரரிடம் போய் "இவ என் கூடப் பொறந்தவ, எனக்குக் குடுக்கறதா நெனைச்சுக் குடுங்க" என்று சண்டை போட்டு வாங்கித் தந்தவள் ரெஜினா. அந்த ரூமில் உட்கார்ந்துதான் சங்கமித்ரா இத்தனை வருஷமாக மற்றவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

ரெஜினாவின் வீடு ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. மாடிப்படி வெளிப்பக்கமாக ஏறியது. படியின் அடியில் கீழ்வீட்டு பூவம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சங்கமித்ராவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ரெஜினா ஆபீசுக்குப் பூட்டாளே. நீ அங்க போயிருக்கக் கூடாதா?"

"அவளைப் பாக்க வரல பூவம்மா. மாடிக்குப் போவணும். மேல யாரெல்லாம் போவாங்க?"

"டவருக்காரங்க எப்பனா வருவாங்க. அந்தப் பையன் ஜெயவேலு வந்து ரொம்ப நாளாச்சு."

"வேற ஆளுங்க? புது மூஞ்சி எதுனா?"

"என்னைத் தாண்டிகினு எவன் போவான்?" பூவம்மா ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "ரெஜினாதான் காலைல போவா. கிண்ணத்துல சோத்தை எடுத்துகினு போயி காக்காவுக்கு வெப்பா. சாயங்காலம் போயி கிண்ணத்தை எடுத்தாருவா. தெனமும் இல்ல, நாள் பாத்து வெப்பா போல. புண்ணியவதி."

சங்கமித்ரா சரி என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். பாரி பின்னாலேயே வந்தான். முதல் மாடித் திருப்பத்தில் அவன் நின்றுவிட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடா?"

பாரி காதைச் சொறிந்தான். வழக்கமாக ஒரு கிண்டலுக்கு முன்னால் செய்வதுதான். ஆனால் கிண்டல் வரவில்லை.

"அக்கா, எங்க அம்மா அமாவாசைக்கு காக்காவுக்கு வெச்சுட்டுத்தான் எங்களுக்கே சோறு போடும். செத்துப் போன எங்க நைனா காக்காவா வருவார்னு. நீங்க வெக்க மாட்டீங்க, புத்தர் கும்புடற வூடு." அவன் குரலைத் தாழ்த்தினான். "சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க வெப்பாங்களா அக்கா?"

சங்கமித்ரா நினைத்துப் பார்த்தாள். ரெஜினா வீட்டில் எத்தனை ஈஸ்டருக்குச் சாப்பிட்டிருக்கிறாள். அந்த அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்திருக்கிறாள். ரெஜினா காக்கைக்கு என்று ஒரு கவளம் எடுத்து வைத்து இவள் பார்த்ததே இல்லை. பூவம்மா சொன்னபோதே இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கால்கள் மட்டும் மேலே ஏறின.

மொட்டை மாடியில் வெயில் காய்ந்தது. நடுவில் கோபுரம் நின்றது. சாட்டிலைட் மணியை வாங்குகிற ஆன்டெனாவைக் கோபுரத்தில் வைக்காமல், வானம் நன்றாகத் தெரியட்டும் என்று கைப்பிடிச் சுவரின் மூலையில் வைத்திருந்தார்கள். கவிழ்த்து வைத்த டம்ளர் அளவுதான் இருக்கும் என்று சௌக்கத் அலி ஒருமுறை சொல்லியிருந்தார். அது கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்பு ஒயர் ஒன்று சுவரோடு ஓடி, கவிழ்த்து வைத்திருந்த ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்கு அடியில் போய் மறைந்தது.

"காக்காவுக்கு வெச்சா ஒரு பருக்கையாவது சிந்தியிருக்கணுமே" என்றான் பாரி. "சுவரு கழுவி வுட்ட மாதிரி கீது. பூவம்மா கண்ணுக்குக் காக்கா, சாட்டிலைட் கண்ணுக்கு மூடி. இரும்பால மூடினா மேலேர்ந்து வர்ற மணி எப்படிக் கேக்கும்?"

அவன் கிண்ணத்தைத் தூக்கக் கை நீட்டினான்.

"தொடாதே. பாய் கண்ணால பாக்கணும்" என்றாள் சங்கமித்ரா.

"எடுக்கல. பேரு ஏதோ வெட்டிக் கீது, படிக்கறேன்." அவன் தலையைச் சாய்த்து, தலைகீழாக இருந்த எழுத்துகளைப் படித்தான். படித்துவிட்டு நிமிர்ந்தவன் எதுவும் பேசவில்லை. பாரியின் வாய் மூடியிருப்பது நல்ல சகுனம் இல்லை என்பது சங்கமித்ராவுக்குத் தெரியும்.

அவளே குனிந்து பார்த்தாள். கிண்ணத்தின் விளிம்பை ஒட்டி, பாத்திரக் கடை மெஷினில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். சங்கமித்ரா, வியாசர்பாடி.

"அக்கா," என்றான் பாரி தயங்கித் தயங்கி, "உங்க பேரு கீதே. பாய் பாத்தா இன்னா நெனைப்பாரு?"

"பாத்திரத்துல வூட்டுக்காரங்க பேரும் இருக்கும்டா, குடுத்தவங்க பேரும் இருக்கும்" என்றாள். "நான் குடுத்தது. ரெஜி கல்யாணத்துக்கு. கடையில இருந்ததுலயே கனமான கிண்ணமா பாத்து எடுத்து, பேரு வெட்டற வரைக்கும் நின்னு வாங்கினு வந்தேன்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து ரெஜினாவைக் கூப்பிட்டாள். "உன் வூட்டு மாடியில கீறேன். வா" என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸ் அடுத்த தெருதான். ரெஜினா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி வந்தாள். சங்கமித்ராவைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள்.

"காக்காவுக்கு வெச்சது..."

"ரெஜி."

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் ரெஜினாவால் இழுக்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் உட்கார்ந்தாள்.

"கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து தாமஸு கோபுரம் ஏறிகினு கீறாரு. நேத்து வந்தவன் அவருக்கு மேலயாம். வூட்டுக்கு வந்து சுவத்தைப் பாத்துகினு குந்திகினு கீறாரு மித்ரா. பாத்துகினு சும்மா இருக்க முடியல."

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை வூட்டை வுட்டே தொரத்திடுவாரு. போன புயல்ல ஒரு தகரம் பறந்து வந்து இது மேல குந்திகிச்சு. காலைல மூடினது, மத்தியானம்தான் நெட்டு போச்சுன்னு சொல்லிச் சிரிச்சாரு. அது மனசுல நின்னுடுச்சு. ஜெயவேலு டூட்டி நாளா பாத்து காலைல மூடுவேன். அலாரம் என் ஸ்க்ரீன்லதான் வரும். அமுக்கிடுவேன்."

"வூட்ல வேற கிண்ணமே இல்லையா?"

"வெச்சுப் பாத்தேன். எல்லாம் கடக்காத்துல பறந்துடுச்சு. நீ குடுத்ததுதான் கனமா இருந்துச்சு."

வேண்டுமென்று குத்துவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் சங்கமித்ராவுக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

"ஜெயவேல் ஜெயிலுக்குப் போவான்னு தெரியுமா?"

"வேலையை வுட்டுத் தூக்குவாங்கன்னுதான் நெனைச்சேன். போலீஸ் வரைக்கும் போவும்னு நெனைக்கல."

"அப்ப என்னை எதுக்குக் கூப்ட்ட? வேற யாரையாவது கூப்ட்டிருந்தா தப்பிச்சிருப்பியே."

ரெஜினா தலை நிமிர்ந்தாள். அவளுக்கே அந்தக் கேள்வி புதிதாக இருந்தது போலத் தெரிந்தது. "பாய் யாரையாவது கூப்டறதா முடிவு பண்ணிட்டாரு. வேற ஆளு வந்தா கண்டுபுடிச்சுடுவான். நீ வந்தா கண்டுபுடிக்க மாட்டேன்னு நெனைச்சேன். கண்டுபுடிச்சாலும் என்னைக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு நம்பினேன்."

பாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சங்கமித்ரா ஊரில் எத்தனையோ பேருடைய துரோகத்தைக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறாள். அவர்கள் அழும்போது தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பாள். அவர்களுக்கு எங்கே வலித்தது என்று இப்போதுதான் தெரிந்தது. தோழி ஏமாற்றியது பாதிதான். இவளை ஏமாற்றுவது சுலபம் என்று கணக்குப் போட்டுக் கூப்பிட்டாளே, அது மீதிப் பாதி.

அவள் சௌக்கத் அலியின் நம்பரைப் போட்டு, போனை ரெஜினாவிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு ரெஜி. உன் வாயால சொன்னா பாய் கொஞ்சமாவது மனசு எறங்குவாரு. நானும் கூட நின்னு பேசறேன்."

ரெஜினா போனை வாங்கிக் காதில் வைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"பாய், நான் ரெஜினா. மித்ரா கண்டுபுடிச்சுட்டா." அவள் சங்கமித்ராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் திரண்டது. "ஆமா பாய். ஜெயவேலேதான். சந்தேகமே இல்ல. மித்ரா இங்கதான் நின்னுகினு கீறா, அவ வாயாலயே கேளுங்க."

போனைத் திருப்பி நீட்டினாள். ஒரு வார்த்தை, ஆமா என்று ஒரே ஒரு வார்த்தை என்று அவள் உதடுகள் சத்தமில்லாமல் கெஞ்சின.

சங்கமித்ரா போனை வாங்கினாள். அந்தப் பக்கத்தில் சௌக்கத் அலி "சொல்லும்மா, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜெயவேல் யாரிடமோ ஏதோ சொல்வதும் கேட்டது.

"பாய், ரெஜினா பொய் சொல்றா" என்றாள் சங்கமித்ரா. "ஜெயவேல் ஒரு தப்பும் பண்ணல. ராயபுரம் மாடிக்கு வாங்க, கண்ணால பாருங்க. அவனையும் கூட்டிகினு வாங்க. அவனும் பாக்கணும்."

போனை அணைத்தாள். ரெஜினா எழுந்து நின்றாள். அழுகை நின்றுபோய் முகம் இறுகியிருந்தது.

"இத்தினி வருசப் பழக்கம். உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லையாடி?"

"கீது ரெஜி" என்றாள் சங்கமித்ரா. "அது இல்லாம இருந்திருந்தா, காலைலயே உன்னைக் கண்டுபுடிச்சிருப்பேன்."